ட்ராக் ரெக்கார்டு பிறந்த கதை

கிழக்கு லண்டனில் கஸ்டம் ஹவுஸ் என்றொரு பகுதி. அங்கே வில்கின்சன் ரோடு, கிரூம்ப்ஸ் ரோடு, அட்கின்சன் ரோடு, யங் ரோடு, ஹாஸ்கின்ஸ் குளோஸ் என்று தெருக்கள். எல்லாம் ஆட்களின் பெயர்கள். முதல் நால்வரும் பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளை மண் தளத்தில் சறுக்கி ஓட்டியவர்கள். ஐந்தாமவர் அவர்களை ஓட்ட வைத்துக் காசு பார்த்தவர். அந்த வீடுகள் நிற்கும் இடத்தில்தான் வெஸ்ட் ஹாம் ஸ்பீட்வே மைதானம் இருந்தது. 1928-ல் பந்தயம் தொடங்கி 1972-ல் மூடிய மைதானம். 1933-ல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அங்கே மோதியபோது எண்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள்.

மைதானத்தை இடித்தாயிற்று, சண்டை மட்டும் ஓயவில்லை. இங்கே மிக வேகமாக ஓட்டியவர் யார் என்று கேட்டால் இரண்டு பழைய ரசிகர்கள் இரண்டு பெயர் சொல்வார்கள். இருவரிடமும் ஆதாரமும் இருக்கும். இனி யாராலும் முறியடிக்க முடியாத சாதனைக்கு இவ்வளவு வாதம் எதற்கு? அந்தச் சாதனை பிறந்த விதம் அப்படி.

ஸ்பீட்வே பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீள்வட்ட மண்தளம், நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கம் மட்டுமே திருப்பம். 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, மெத்தனாலில் ஓடும், ஒரே கியர். வளைவில் பின்சக்கரத்தை வெளியே சறுக்க விட்டு, இடது பூட்ஸின் அடியில் கட்டிய இரும்புத் தகட்டைத் தரையில் உரசிக்கொண்டு திரும்புவார்கள். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக எல்லாம் முடிந்துவிடும். வென்றவர் அந்த நான்கு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் இன்றைக்கு ட்ராக் ரெக்கார்டு என்கிறார்கள். கார்ப் பந்தயத்தில் லேப் ரெக்கார்டு என்றால் ஒற்றைச் சுற்று. இங்கே வந்து 'லேப் ரெக்கார்டு' என்று ஒருவர் வாயெடுத்தால் எந்தக் காலத்து லேப், எப்படித் தொடங்கிய லேப் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

விளையாட்டின் பிறப்பிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1923 டிசம்பர் 15 அன்று, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வெஸ்ட் மெய்ட்லண்ட் கண்காட்சித் திடலில், மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த திருவிழாவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று வைத்தார் ஜானி ஹாஸ்கின்ஸ். நியூசிலாந்தில் பிறந்தவர். அன்றுதான் ஸ்பீட்வே பிறந்தது என்பது அவர் கட்சி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மண்தளப் பந்தயங்கள் அதற்கு முன்பே நடந்திருக்கின்றன என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி சொல்வதுதான் உண்மை. ஹாஸ்கின்ஸ் கண்டுபிடித்தது வேறொன்று: இந்த ஓட்டத்தை வாராவாரம் டிக்கெட் போட்டு விற்கலாம் என்பதை. அதற்கான சாமர்த்தியம் அவரிடம் நிறையவே இருந்தது. பிற்பாடு வெஸ்ட் ஹாமுக்கு மேலாளராக வந்தபோது, நடுத்திடலில் அவருடைய தொப்பியை ஓட்டுநர்கள் கொளுத்துவதையே ஒரு வேடிக்கையாக்கிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்த மனிதர் அவர்.

இங்கிலாந்திலும் இதே தகராறுதான். 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில், ஒரு மதுக்கடையின் பின்பக்கத் தளத்தில் நடந்த பந்தயத்தைத்தான் தொடக்கம் என்று கொண்டாடுகிறார்கள். சில ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் பல்லாயிரம் பேர் வந்து நின்றார்கள். 1927-லேயே கேம்பர்லியிலும் மான்செஸ்டர் பக்கம் டிராய்ல்ஸ்டனிலும் நடந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. எது முதல் என்பது எப்படியோ போகட்டும். ஹை பீச்சில் கூடிய கூட்டத்தைப் பார்த்த பிறகு நாடெங்கும் தளங்கள் முளைத்தன. அடுத்த ஆண்டே லீக் போட்டிகள் வந்துவிட்டன.

ரெக்கார்டு என்ற சரக்கு இந்த அவசரத்தில் பிறந்ததுதான். வாராவாரம் வருகிறவனுக்குப் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும். லீக் வருவதற்கு முன் அணிப் பற்று என்று ஒன்று கிடையாது. ஆளும் வேகமும்தான் மூலதனம். இன்ன நட்சத்திரம் இன்றிரவு தள ரெக்கார்டைத் தாக்கப்போகிறார் என்று விளம்பரம் செய்வார்கள். ஒருவரைத் தனியே ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சைப் பிடித்து, ஒலிபெருக்கியில் நேரத்தைச் சொல்வார்கள். எதிராளி வேண்டாம், முடிவில் சந்தேகம் வேண்டாம். ஒற்றை எண் ஒன்று கூட்டத்தைக் கத்த வைக்கும்.

அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது என்பதில்தான் வில்லங்கம். ஆரம்பக் காலத்தில் நின்ற இடத்திலிருந்து பந்தயம் தொடங்கவில்லை. நால்வரும் மெதுவாக உருண்டு வந்து, கோட்டை ஒன்றாகத் தாண்டும்போது விடுவிப்பார்கள். ஒருவர் முந்திக்கொள்வார், திரும்ப அழைப்பார்கள், மறுபடி உருள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு அலுப்பு. தனியாக ரெக்கார்டுக்கு ஓடியவருக்கு இதைவிட வசதி: அவர் முழு வேகத்தில் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே ஒரே தளத்தில் ஓட்டத் தொடக்கத்தோடு ஒரு சுற்று, ஓட்டத் தொடக்கத்தோடு நான்கு சுற்று, பிற்பாடு வந்த, நின்று கிளம்பிய நான்கு சுற்று என்று மூன்று ரெக்கார்டுகள் ஒரே பெயரில் நடமாடின.

1933-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தளத்தை நடத்தியவர்கள் ஒரு வழி கண்டார்கள். தளத்தின் குறுக்கே டேப் கட்டி, நால்வரையும் அதன் முன் நிறுத்தி, நடுவர் விசையை அழுத்தியதும் டேப் மேலே பறக்கும் பொறி அது. எல்லாத் தளங்களும் அதை எடுத்துக்கொண்டன. கிளட்ச் ஸ்டார்ட் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். இந்த விளையாட்டில் நடந்த பெரிய மாற்றம் இதுவே என்பேன். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர ஒரு விநாடியாவது கூடுதலாகப் போகும். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரங்களை ஒரே பட்டியலில் அடுக்கினால், முன்னவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விநாடி இனாமாகப் பெறுகிறார்.

கடிகாரத்தின் லட்சணமும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கால ஸ்டாப்வாட்ச் ஒரு விநாடியை ஐந்தாகத்தான் பிரிக்கும். பழைய நேரங்களைப் பார்த்தால் முழு விநாடியாகவோ .2, .4, .6, .8 என்றோதான் முடியும். டேப் பறந்ததைக் கண் பார்த்து, கட்டைவிரல் அழுத்தி எடுத்த நேரம். இருவர் ஒரே ரெக்கார்டைச் சமன் செய்ததாக ஏட்டில் இருந்தால், அவர்களுக்குள் பத்து அடி வித்தியாசம் இருந்திருக்கலாம். இன்னொன்று: வென்றவரின் நேரம் மட்டுமே பதிவாகும். டேப்பின் வெளிப்புற ஓரத்திலிருந்து கிளம்பி, நீண்ட பாதையில் சுற்றி, அரைச் சக்கரம் பின்தங்கி இரண்டாவதாக வந்தவர்தான் உண்மையில் அன்றைக்கு அதிக வேகம் ஓட்டியவராக இருக்கலாம். அவருக்கு ஏட்டில் ஒரு வரி கிடையாது.

ஏடு என்றால் பெரும்பாலும் ரசிகர் கையிலிருந்த புரோகிராம். ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு நான்கு சுற்று ஓட்டத்துக்கும், எதிரே காலி கட்டங்கள் அச்சிட்டிருக்கும். அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல, புள்ளிகளையும் நேரத்தையும் ரசிகர் பேனாவால் நிரப்புவார். மழைத் தூறலில், மண் தெறிக்க, பக்கத்து ஆளின் கூச்சலுக்கு நடுவே காதில் விழுந்தபடி எழுதியது. மூடிப்போன தளங்களின் வரலாறு பாதிக்கு மேல் இந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் நிற்கிறது. இரண்டு புரோகிராம்களில் இரண்டு நேரம் இருந்தால் வியக்க ஒன்றுமில்லை.

அடுத்த சிக்கல் நீளம். தென் லண்டனில் நியூ கிராஸ் தளம் ஒரு சுற்றுக்கு 262 கெஜம். குட்டித் தளம் என்பதால் 'வறுசட்டி' என்றே அதற்குப் பட்டப்பெயர். வெஸ்ட் ஹாம் 400 கெஜத்துக்கும் மேல். இப்படிப்பட்ட இரண்டு தளங்களை ஒப்பிட யாரும் துணிவதில்லை. தகராறு எழுவது ஒரே தளம் நடுவில் மாறும்போது. ஒரு வளைவைத் திருத்தி சுற்றுக்கு பத்து கெஜம் குறைத்தால் நான்கு சுற்றில் நாற்பது கெஜம். விநாடிக்கு இருபது மீட்டர் ஓடும் வண்டிக்கு அது ஏறக்குறைய இரண்டு விநாடி. ரெக்கார்டுகள் பத்தில் ஒரு பங்கு விநாடியில் கைமாறும் ஆட்டத்தில் இரண்டு விநாடி என்பது ஒரு தலைமுறை.

நியூ கிராஸ் என்றாலே டாம் ஃபார்ண்டன் பெயரைச் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. பல தளங்களின் ரெக்கார்டுகளை வாரிக் குவித்தவர். 1935 ஆகஸ்டில் அந்தத் தளத்திலேயே விபத்தில் அடிபட்டு, இரண்டு நாளில் இறந்தார். வயது 24. இன்றைய எஞ்சினில் அவரை உட்கார வைத்தால் என்று தொடங்கும் பேச்சுக்கு முடிவே கிடையாது. அவர் ஓட்டியது ஜேஏபி எஞ்சின். 1930-களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த எஞ்சின்தான் கோலோச்சியது. பிறகு செக் நாட்டின் எஸோ வந்தது. 1960-களின் நடுவில் அதுவே ஜாவா ஆயிற்று. 1975-ல் இங்கிலாந்தின் நான்கு வால்வு வெஸ்லேக். அதற்கு மறு ஆண்டே அதில் ஓட்டிய பீட்டர் காலின்ஸ் உலகச் சாம்பியன்.

வெஸ்ட் ஹாம் வழக்கு தீராததற்கு இங்கேதான் காரணம். 1955-ல் அங்கே பந்தயம் நின்றது. 1964-ல் மறுபடி தொடங்கியபோது ஜேஏபி காலமே முடிந்துகொண்டிருந்தது. பழைய கட்சிக்காரர்கள் 1955 வரைக்கும் உள்ள பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள், புதியவர்கள் 1972-ல் பட்டியலில் இருந்த பெயரை. மான்செஸ்டர் பெல் வியூவின் ஹைட் ரோடு தளத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அது 1929 முதல் 1987 நவம்பர் 1 வரை ஓடிக்கொண்டே இருந்தது. ரெக்கார்டு படிப்படியாக இறங்கியதை ஒரே கோடாகப் படிக்க முடியும். மறு ஆண்டில் பெல் வியூ அணி குடிபோன கிர்க்மன்ஷுல்ம் லேனிலோ 1928-லேயே ஒரு பருவம் ஓட்டியிருந்தார்கள். அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு கணக்கு, ஒரே முகவரி!

நேரத்தை வைத்து வீரரை அளப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1936-ல் வெம்ப்ளியில் முதல் உலக இறுதிப் போட்டி. வெஸ்ட் ஹாமின் புளூயி வில்கின்சன் தன் ஐந்து ஹீட்டுகளையும் வென்றார். முந்தைய சுற்றுகளின் போனஸ் புள்ளிகளைக் கூட்டியபோது அவருக்கு மூன்றாம் இடம். பட்டம் லயனல் வான் பிராகுக்குப் போனது. எதிரே மூவரை நிறுத்தி ஐந்து முறை வென்றவனையே எண்கள் கீழே தள்ளியிருக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து அவர் பட்டத்தை வென்றது வேறு கதை.

ஆகவே இந்த வாதத்தில் என் நிலை இது. மூடிய நாளில் பட்டியலில் இருந்தவரைக் கடைசி ரெக்கார்டுக்காரர் என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு பட்டம் அவருக்குத் தேவையில்லை. தளத்தின் நீளம் மாறியபோதெல்லாம் புதுக் கணக்கு தொடங்க வேண்டும். டேப் வருவதற்கு முந்தைய ஓட்டத் தொடக்க நேரங்களைப் பிந்தையவற்றோடு கலந்து அச்சிடும் பட்டியலை, யார் வெளியிட்டாலும், நான் ஏற்பதாக இல்லை.