தாய் இறால் வந்த வழி

வனாமி இறாலின் பிறப்பிடம் பசிபிக் பெருங்கடலின் கிழக்குக் கரை. மெக்சிகோவின் சொனோரா தொடங்கிப் பெரு நாட்டின் வடகோடி வரை அது இயற்கையாக வாழ்கிறது. வங்கக் கடலில் அதற்கு மூதாதையர் கிடையாது. ஆனாலும் இன்று இந்தியப் பண்ணைகளில் வளரும் இறாலில் பெரும்பங்கு இதுதான். சென்னைக்கு வடக்கே பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உவர்நீர்க் குட்டைகளிலும் இதைக் காணலாம். மாடும் ஆடும் கோழியும் மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு பழகியவை. இறால் பண்ணை உயிரானது ஓரிரு தலைமுறைக்குள் நடந்த கதை. அந்தக் கதையில் திரும்பத் திரும்ப எழுந்த சிக்கல் ஒன்று உண்டு: குட்டையில் விடும் குஞ்சுக்குத் தாய் எங்கிருந்து கிடைக்கும் என்பது.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் முன்பு இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும், வடக்கே பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியும், இரண்டையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து ஒரே உவர்நீர்ப் பரப்பு. வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. மயிரிழை போன்ற குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, சேற்றிலும் கடற்புல்லிலும் சில மாதம் வளர்ந்து, முதிர்ந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்களில் இந்த நீர்ப்பரப்பைப் 'பாடு' என்று பங்கிட்டு, இன்ன நாளில் இன்னார் வலை வைப்பது என்று முறை வகுத்துக்கொண்டார்கள். வலையும் படகும் இல்லாத இருளர் பழங்குடி ஆண்களும் பெண்களும் இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். கழிமுகம் வளர்த்துத் தந்ததை எடுத்துக்கொண்டார்களே தவிர, வளர்க்கும் வேலையை யாரும் மேற்கொள்ளவில்லை.

வளர்க்கும் முயற்சி முதலில் இறாலில் தொடங்கவில்லை, உண்ணும் சிப்பியில் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அலுவலகம் அமைய வித்திட்டவர் ஓய்வுபெற்ற அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன். அங்கே பணியாற்றிய கடலியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல், முத்துக்குளிப்பு, படகு, வலை என்று எதையும் விடாமல் எழுதிவைத்தவர். அவருடைய முனைப்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் சிப்பிப் பண்ணை தொடங்கியது. பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளை நீரில் அடுக்கி, மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகளை அவற்றில் ஒட்டச் செய்வார்கள். அதை நேரில் பார்த்துவந்த ஹார்னெல், இந்தியாவுக்கு அதில் என்ன பாடம் என்று தனி அறிக்கையே எழுதினார். பண்ணைச் சிப்பி சென்னையின் ஐரோப்பியர் மேசைக்கானது. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் நாட்டம் குறைவு. சந்தை அந்தச் சிறு வட்டத்தைத் தாண்டவில்லை, தொழிலும் நிலைக்கவில்லை. குஞ்சைப் பொறுத்தவரை அன்றும் ஏரியே தாய். ஓடு வைத்தவர் செய்ததெல்லாம் மிதந்து வந்ததற்கு ஓர் இருக்கை அமைத்துக் கொடுத்ததுதான்.

இறாலைத் தொட்டியில் முட்டையிட வைத்து, குஞ்சை உயிரோடு வளர்த்தெடுக்கும் வழியை 1934இல் கண்டவர் ஜப்பானைச் சேர்ந்த மோட்டோசாகு ஹுடினாகா. அவர் எடுத்துக்கொண்டது குருமா இறால். முட்டை ஒரு நாளுக்குள் பொரிகிறது. முதல் நிலையான நாப்ளியஸ் தன் உடலிலுள்ள கருவுணவிலேயே வாழும். அடுத்த சோயியா நிலைக்கு நுண்பாசி வேண்டும், அதற்கடுத்த மைசிஸ் நிலைக்கு நுண்விலங்கு இரை வேண்டும். எந்த நிலையில் எந்த இரை என்ற கணக்குப் பிசகினால் இலட்சக்கணக்கான குஞ்சுகள் ஓரிரவில் மடியும். இந்தக் கணக்கு கைவசப்பட்ட பிறகுதான் பொரிப்பகம் என்ற தொழிலே உருவானது. இந்தியாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கேரளத்தின் நரக்கல்லில் 1970களில் இதைப் பழகியது. உவர்நீர் வளர்ப்புக்கென்று தனி மத்திய நிறுவனம் 1987இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது; அதன் ஆய்வுப் பண்ணை கோவளத்துக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கிறது.

பொரிப்பகம் வந்தபின் தாயின் விலை ஏறியது. புலி இறால் குட்டையில் பெரிதாக வளரும், ஆனால் சிறைப்பட்ட நிலையில் எளிதில் சினைப்படாது. ஆகவே ஒவ்வொரு தாயையும் கடலிலிருந்து உயிரோடு பிடித்தாக வேண்டும். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து செல்லும் இழுவைப் படகுகளுக்கு 1990களின் தொடக்கத்தில் இது புதையல். வலையில் விழுந்த மற்றதெல்லாம் பனிக்கட்டிக்குப் போகும், தாய் இறால் மட்டும் காற்றூட்டிய நீரில் தனியாகக் கரைக்கு வரும். ஒற்றை இறாலுக்கு ஆயிரக்கணக்கில் விலை பேசப்பட்டது. ஒரு பயணத்தில் கிடைத்த மீன் முழுவதையும் விட அந்த ஒன்றுக்கு மதிப்பு கூடுதலாக இருந்த நாட்களும் உண்டு.

பொரிப்பகத்துக்குப் போன தாய்க்கு நேர்வது கேட்பவர் முகம் சுளிக்கும் காரியம். இறாலின் கண் ஒரு காம்பின் நுனியில் இருக்கிறது. சினைப்பையின் வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பிலுள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. இரண்டு காம்பில் ஒன்றை நசுக்கியோ சுட்டோ நீக்கிவிட்டால் தடை தளர்ந்து சில நாட்களில் சினை பிடிக்கிறது. சினைக்கு ஊட்டம் தருவது கணவாயும் பாலிகீட் என்ற கடற்புழுவும். கழிமுகச் சேற்றை வெட்டி இந்தப் புழுவை எடுத்து விற்பது தமிழகக் கரையில் ஒரு மறைமுகத் தொழிலாகவே வளர்ந்தது. பறவைக்கும் மீனுக்கும் இரையானதை அடியோடு அள்ளுவதால் அதற்கு எதிர்ப்பும் இருந்துவருகிறது. ஒரு புலி இறால் தாய் ஒரு முறையில் சில இலட்சம் முட்டையிடும். அதில் குட்டைக்குப் போகும் பருவம் வரை பிழைப்பது ஒரு பகுதிதான்.

1990க்குப் பிந்தைய நான்கைந்து ஆண்டுகள் கிழக்குக் கரை முழுவதையும் இறால் வேட்கை பிடித்து ஆட்டியது. நெல்லூர், நாகப்பட்டினம் பக்கங்களில் நெல்வயலும் உப்பளமும் குட்டையாக மாறின. பெரு நிறுவனங்கள் பங்குச் சந்தையில் பணம் திரட்டி இறங்கின. குட்டைக்கு ஏற்றிய உவர்நீர் பக்கத்து நிலத்திலும் கிணற்றிலும் கசிந்தது, கழிவுநீர் கால்வாயில் விழுந்தது, மீனவர் கடற்கரைக்குப் போகும் பாதைகள் அடைபட்டன. 1994 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஓட்டில் சிறு வெண்புள்ளிகள் தோன்றிய சில நாட்களுக்குள் குட்டை மொத்தமும் செத்து ஒதுங்கும். வைரஸ் நோய் ஆதலால் மருந்து கிடையாது. கடலில் பிடித்த தாயே வைரஸைச் சுமந்துவரக் கூடியது என்பதால், எத்தனை சுத்தமான பொரிப்பகமும் நோயை விற்கும் கடையாகக்கூடும். தாயைக் கடலிலிருந்து எடுக்கும் முறையின் பலவீனம் அப்போதுதான் முழுதாக வெளிப்பட்டது.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த பண்ணைகளை, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, அகற்ற உத்தரவானது. அதே தீர்ப்பு சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று பெயர் சொல்லியே தடுத்தது. மறுசீராய்வு மனுக்களால் அகற்றும் வேலை தள்ளிப்போனது. பின்னர் 2005ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் உரிமம் வழங்கும் பொறுப்பைச் சென்னையிலுள்ள ஆணையத்திடம் கொடுத்தது. இடித்துத் தள்ள ஆணையிடப்பட்ட தொழில் பத்தாண்டுக்குள் உரிமம் பெறும் தொழிலானதில் சமரசம் இருக்கிறது. ஆனால் பண்ணை எங்கே, யாருடையது, என்ன விதை என்று பதிவு கேட்கும் முறை இந்தச் சண்டை இல்லாமல் வந்திருக்காது.

வனாமி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். அதை முதன்முதலாகத் தொட்டியில் முட்டையிட வைத்தது 1973இல், பனாமாவில் பிடித்த தாயைக் கொண்டு, அமெரிக்காவின் புளோரிடாவில். வனாமியின் பெண் சிறையிலேயே சினைப்பட்டு இணைகிறது. இந்த ஒரு குணம் போதும், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம். மாட்டுக்கும் கோழிக்கும் நடந்தது இறாலுக்கும் சாத்தியமானது. ஹவாய்த் தீவுகளில் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத வம்சங்கள் உருவாக்கப்பட்டன. சீனாவிலும் தைவானிலும் 1996 முதல் வணிக வளர்ப்பு தொடங்கியது. இந்தியாவில் 2003இல் சோதனை இறக்குமதி நடந்தது, 2009இல் பொது அனுமதி கிடைத்தது. 2009-10இல் நாட்டின் வனாமி உற்பத்தி இரண்டாயிரம் டன்னுக்கும் குறைவு. பத்தாண்டு கழித்து ஏழு இலட்சம் டன்.

தாய்க்கான வாசல் சென்னை. விமானத்தில் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் மீனம்பாக்கம் வந்திறங்கும் தாய்கள் நேராக நீலாங்கரையிலுள்ள நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தும் மையத்துக்குப் போக வேண்டும். ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் அந்த இடத்தில் அவற்றைச் சில நாள் வைத்து, பிசிஆர் சோதனையில் நோயில்லை என்று உறுதியான பின்னரே பொரிப்பகத்துக்கு விடுகிறார்கள். காசிமேட்டுப் படகுக்காரர் கையிலிருந்த தாய் வியாபாரம் இப்படி வெளிநாட்டு வளர்ப்பு நிறுவனங்களின் கைக்கு மாறியது.

வனாமியைப் பற்றி அடிக்கடி எழும் ஐயங்கள் சில உண்டு. அது மரபணு மாற்றப்பட்டதல்ல. சீமைப் பசுவைப் போலத் தேர்ந்தெடுத்து இனம்பெருக்கப்பட்டது. நோய்க்கிருமி இல்லாத தாய் என்றால் நோயே வராத குஞ்சு என்று எண்ணுவது பரவலான பிழை. கிருமி உடலில் இல்லை என்பதற்கு மட்டுமே அந்தச் சான்று. குட்டைக்குள் வைரஸ் புகுந்தால் வனாமியும் சாகும். அதனால்தான் பண்ணையைச் சுற்றி நண்டு நுழையாத வேலி, மேலே பறவை வலை, நீரைத் தேக்கிச் சுத்திகரிக்கும் தனிக் குட்டை ஆகியவற்றை விதிகள் கேட்கின்றன. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக் கூடாது என்பதும் விதி. குட்டையில் வளர்ந்ததிலேயே தாயைத் தேர்ந்தால் செலவு மிச்சமாகுமே என்று கேட்பவர் உண்டு. அது தடை செய்யப்பட்டது. நோய் திரும்பிவரும், ஒரே குடும்பத்துக்குள் இணைவதால் வளர்ச்சியும் குன்றும். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகளின் எச்சம் தென்பட்டால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பிவிடும். ஏறத்தாழ நன்னீர் முதல் கடல்நீரைவிட உப்பான நீர் வரை வனாமி தாங்கும். இதனால் கடலோரத்தைத் தாண்டியும் பண்ணை பரவ வழி திறந்தது. அது நல்லதா என்பது வேறு வழக்கு.

இதே காலத்தில் எண்ணூரின் இயற்கைக் குஞ்சு வளரிடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. 2017 ஜனவரியில் கப்பல் மோதலால் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஆலை எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே பரவியது. கையால் தடவி இறால் பிடித்தவர்கள் எண்ணெய்ச் சேற்றில் நின்றார்கள். உயிருடன் தென்சென்னையில் விமானமிறங்கும் தாயின் வழித்தோன்றல்கள் உறைந்த நிலையில் வடசென்னைத் துறைமுகங்கள் வழியாகக் கொள்கலனில் ஏறுவதை வணிகம் என்றே சொல்ல வேண்டும். கழிமுகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வனாமிக்கும் சிக்கல்கள் வந்துவிட்டன. இஎச்பி என்ற நுண்ணுயிரி கொல்லாமல் வளர்ச்சியை மட்டும் நிறுத்துகிறது. விவசாயி தீவனச் செலவை இழந்த பிறகே அதைக் கண்டுகொள்கிறார். நோய்நீக்கிய புலி இறால் தாய்களும் இப்போது இறக்குமதியாகின்றன. உவர்நீர் ஆராய்ச்சி நிறுவனம் வங்கக் கடலின் சொந்த வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து இனம்பெருக்கும் திட்டத்தில் இறங்கியுள்ளது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட் இறால் தாய்களுக்கான மூல இனப்பெருக்க மையங்களின் வலையமைப்புக்கு நிதியுதவி அறிவித்தது. வெள்ளை இறால் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதத்தோடு நுழையும் இனமே. பண்ணைக்குரிய வம்சமாக அது நிலைபெற வேண்டுமானால், வனாமிக்கு ஆனதைப் போலப் பல தலைமுறைத் தேர்வு நடக்க வேண்டும்.