ஏற்காட்டில் ஒரு நேர்ப்படம்

சேலம் நகரில் நின்று வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலைத்தொடர் வானத்தை மறைத்து நிற்பதைக் காணலாம். ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் குகைக்கோயிலும், அதற்குச் சற்றுத் தாழ்ந்த மேட்டு நிலத்தில் ஏற்காடும் அமைந்திருக்கின்றன. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பி பயிரிடத் தொடங்கிய வரலாற்றை மாணவ நண்பர்கள் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்ல வந்தது காப்பியின் கதை அன்று, நிழற்படத்தின் கதை. அது என்னுடைய தோல்வி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

என்னிடம் மரப்பெட்டியும் தோல் துருத்தியும் கொண்ட பழைய காமிரா ஒன்று உண்டு. அதை முக்காலியின்மேல் நிறுத்தி, 4 அங்குல அகலமும் 5 அங்குல நீளமும் உள்ள தாள் பிலிமை ஒவ்வொன்றாகச் செருகிப் படம் எடுக்கவேண்டும். பிலிமின் மேல் ஜெலட்டின் என்னும் பசையில் கலந்த வெள்ளி உப்பு பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடங்களில் உள்ள உப்பை டெவலப்பர் என்னும் கரைசல் கறுத்த வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. எஞ்சிய உப்பை ஹைப்போவில் கரைத்துவிட்டால் கிடைப்பது எதிர்ப்படம், அதாவது நெகட்டிவ். அதில் வானம் கறுப்பு. மரத்தின் நிழல் வெளுப்பு. அதைக் காகிதத்தில் அச்சிடும்போதுதான் உலகம் நேராகிறது.

இதற்கு வேறொரு வழியும் உண்டு. எதிர்ப்படத்தைக் காப்பாற்றாமல் அழித்துவிட்டு, அதே பிலிமில் நேர்ப்படத்தைப் பெறுவது அந்த வழி. முதல் டெவலப்பரில் உருவான கறுத்த வெள்ளியை, கந்தக அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கரைத்து நீக்கவேண்டும். அப்போது படியும் பழுப்புக் கறையைச் சோடியம் பைசல்பைட் கரைசல் போக்கும். பின்னர் விளக்கை ஏற்றி, முதலில் ஒளி படாமல் தப்பிய உப்பின்மேல் ஒளி விழச் செய்து, இரண்டாம் முறை டெவலப்பரில் இட்டால், நிழலாக இருந்த இடங்கள் கறுக்கும். ஒளியாக இருந்த இடங்கள் கண்ணாடிபோல் தெளியும். இருட்டறையில் விளக்கேற்றுவது பிற வேளைகளில் பெரும் பிழை. இங்கே அதுவே முறை. இறுதியில் நம் கையில் இருப்பது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டிய ஒரே படம். எதிர்ப்படம் என்று ஒன்று பின்னால் இல்லை.

இந்த முறையை நான் முதலில் சேலத்தில், சித்திரை மாதத்தில் முயன்றேன். குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. பெர்மாங்கனேட் கரைசல் ஜெலட்டினை நெகிழச் செய்யும் தன்மையது. வெப்பமும் சேர்ந்தால் கேட்கவேண்டுவதில்லை. என் கண்ணெதிரே அந்தப் படலம் பாலாடைபோல் சுருங்கி, பிலிமைவிட்டு நழுவித் தண்ணீரில் மிதந்தது. ஏறத்தாழ 20 டிகிரி வெப்பத்தில் செய்யவேண்டியதை 30 டிகிரிக்கு மேல் செய்தது என் தவறு. ஆகவே மார்கழி வரை காத்திருந்து, கரைசல் புட்டிகளைச் சுமந்துகொண்டு ஏற்காட்டுக்கு ஏறினேன். அங்கே காப்பித் தோட்டத்து வீடு ஒன்றின் குளியலறை எனக்கு இருட்டறையாயிற்று. மலைத் தண்ணீரின் குளிரில் படலம் அசையவில்லை.

அந்த இரவில், எனக்கு முன்னர் இம்மாவட்டத்தின் வெயிலோடு போராடிய ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி. 1856-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவரை அரசு நிழற்படக்காரராக நியமித்தது. 1857-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர், சேலம் மாவட்டம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். ஓர் அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள, மெழுகூட்டிய காகிதங்களே பெரும்பாலும் அவருடைய எதிர்ப்படங்கள். 1858-இல் வெளிவந்த அவருடைய தொகுதிகளுள் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ஷ் என்னும் அறிஞர் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு காமிரா அவற்றை வரிசையாகப் படித்துவிட்டது எனலாம். ஆயினும் செலவு மிகுதி என்று கருதிய அரசாங்கம் 1860-இல் அந்தப் பணியையே முடித்துவிட்டது.

டிரைப்புக்கு எதிர்ப்படம் இன்றியமையாததாக இருந்தது. 1839-இல் பிரான்சு நாட்டில் டாகேர் வெளியிட்ட முறையில் வெள்ளித் தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். மற்றொன்று வேண்டுமாயின் மீண்டும் எடுக்கவேண்டும். 1841-இல் இங்கிலாந்தில் டால்பட் உரிமை பெற்ற காகித முறையிலோ, ஓர் எதிர்ப்படத்திலிருந்து பல பிரதிகளை அச்சிடலாம். அரசாங்கத்துக்கு வேண்டியவை பிரதிகள்.

படத்தைத் திருப்பும் முயற்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கல்கத்தாவில் நில அளவைத் துறையின் நிழற்படப் பிரிவை 1866 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நடத்தியவர் ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ். 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க, நீலகிரியின் தொட்டபெட்டாவுக்கு வந்த குழுவில் அவரும் இருந்தார். அவர் 1890-இல் ஓர் உண்மையை அறிவித்தார். டெவலப்பரில் தயோகார்பமைடு என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்தால், எதிர்ப்படம் தோன்றவேண்டிய தகட்டில் நேர்ப்படமே தோன்றும் என்பதுதான் அது. அவ்வழி பரவவில்லை. பெர்மாங்கனேட் வழியே நிலைத்தது. 1907-இல் லூமியேர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்ணத் தகடுகளும் அவ்வாறே திருப்பப்பட்டன.

இனி, ஏற்காட்டில் நான் எடுத்த படத்தைச் சொல்கிறேன். அது மலைச் சிற்றூர் ஒன்றில் இருந்த பழைய வீடு. மூங்கில் தட்டிச் சுவரும் புல் வேய்ந்த கூரையும் உடையது. தைப் பொங்கலுக்குப் பின் அதைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டப்போவதாக அதற்குரிய முதிய அம்மையார் கூறியிருந்தார். திண்ணையில் அமர்ந்த நிலையிலேயே அவரைப் படம் எடுத்தேன். மறுநாள் காலை, உலர்ந்த பிலிமைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாசல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார்.

"பாட்டி, இது ஒன்றுதான் இருக்கிறது" என்றேன்.

"வீடும் ஒன்றுதானே இருந்தது" என்றார் அவர்.

எனக்கு விடை தோன்றவில்லை. வழக்கமான முறையில் எடுத்திருந்தால் எதிர்ப்படத்தை நான் வைத்துக்கொண்டு, பிரதி ஒன்றை அவருக்கு அனுப்புவதாக வாக்களித்திருப்பேன். அத்தகைய வாக்குகளை நான் எத்தனை முறை மறந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். எதிர்ப்படம் இல்லாத இந்த முறை அந்த வசதியை எனக்குத் தரவில்லை. சன்னல் வெளிச்சத்தில் வைத்து அந்தப் படத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். மூலத்தை இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வைத்துக் கட்டி அவரிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் உள்ள பிரதியில் கூரைப் புல்லின் இழைகள் தெளிவாக இல்லை. மூலத்தில் அவற்றை எண்ணலாம்.

மாணவ நண்பர்களே, பழைய படம் ஒன்றைக் காணும்போது அதில் இருப்பது என்ன, எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்று கேட்கிறோம். அவை தேவையான கேள்விகளே. அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதன் மூலம் யாரிடம் இருக்கிறது? இதில் இருப்பவர்கள் இதை என்றேனும் பார்த்தார்களா? டிரைப்பின் படங்களை நான் காணும்போதெல்லாம் இப்போது இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் எழுகிறது. சேர்வராயன் மலையில் ஒரு வீட்டைப் பொறுத்தவரை அதற்கு விடை உண்டு.