பிள்ளைகள் கற்றுக்கொடுத்த செபம்



1542இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவ மக்களுக்கு, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. செபங்கள் இருந்ததோ இலத்தீனில்.

சவேரியார் இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு அவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். (அவருடைய தமிழைப் பிள்ளைகள்தாம் திருத்தியிருக்க வேண்டும்!) கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க அவர்களையே ஏவினார். நோயாளிகள் அழைத்து, தாம் போக இயலாத வேளைகளில், அச்சிறுவர்களே போய் விசுவாசப் பிரமாணம் சொல்லிச் செபித்தார்கள்.

1578இல் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழில் அச்சேறியது, பதினாறே பக்கங்கள். திருப்பலி தமிழுக்கு வரவோ, 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிதிறக்க வேண்டியிருந்தது. அதுவரை பீடத்தில் இலத்தீன், வீட்டில் தமிழ். நம் முன்னோரின் விசுவாசத்தை வளர்த்ததில் வீட்டுக்கே பெரும் பங்கு என்பேன்.

இன்று கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஷிப்டு வேலை. கவரைப்பேட்டையில் பல வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் தகப்பனார் இருப்பதில்லை, செபமாலையும் நின்றுபோகிறது. பெரியவர்கள் வரட்டுமென்று காத்திராமல் பிள்ளைகளே தொடங்கட்டும்.