கொல்லைப்பக்கமாக வந்த மருத்துவச்சி

வேலூர் சிஎம்சி மருத்துவமனை எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஐடா ஸ்கடர் கதையைத்தான் சொல்வார்கள். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வலி. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆம்பளை டாக்டர் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அதன்பிறகுதான் அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1900-ல் டாக்டராகத் திரும்பினார்.

இதை என் பாட்டியிடம் சொன்னேன். பாட்டிக்கும் திண்டிவனம் பக்கம்தான் ஊர். "ஏன், அந்த ஊர்ல மருத்துவச்சி இல்லியா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி! இருந்திருப்பார். அவர் கையை மீறிப் போன பிறகுதான் அந்த மூன்று பேரும் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். கணவர் முடி வெட்டுவார், கட்டி வந்தால் கீறிவிடுவார். மனைவி பிள்ளைப்பேறு பார்ப்பார். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரே உண்டு. பள்ளிக்கூடம் போகாமல் மாமியாரிடம் மருமகள் கற்றுக்கொண்ட வேலை.

பாட்டிக்கு ஐந்து பிரசவம். நான்கு வீட்டில். வலி எடுத்ததும் ஆள் அனுப்புவார்கள். மருத்துவச்சி கொல்லைப்பக்கமாக வருவார். மற்ற நாளில் அந்த வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை, சோறு கூட வெளியேதான். அன்று மட்டும் உள்ளறை வரைக்கும் வரலாம். விளக்கெண்ணெய் தடவி வயிற்றைத் தொட்டே பிள்ளை தலை எந்தப்பக்கம் என்று சொல்லிவிடுவாராம். நஞ்சு விழுந்த பிறகுதான் கொடி அறுப்பார். (இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமும் கொடியை உடனே வெட்டாதே, ஒரு நிமிடமாவது பொறு என்கிறது.) கூலி நெல்லும் எண்ணெயும். ஆண் பிள்ளை என்றால் ஒரு மரக்கால் கூட!

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாட்டியின் இரண்டாவது குழந்தை எட்டாம் நாள் ஜன்னி கண்டு இறந்துபோனது. வாய் இறுகிப் பால் குடிக்கவில்லையாம். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அது டெட்டனஸாகத்தான் இருக்கவேண்டும். தொப்புளில் சாம்பல் வைத்தார்களா என்று கேட்டேன். "வைக்காம? எல்லாருக்கும் வைக்கறதுதான்" என்றார். கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும், கொடி அறுக்க ஒரு புது பிளேடும் இருந்தால் தடுத்திருக்கலாம். இந்தியாவில் அந்த நோய் ஒழிந்ததாக 2015-ல்தான் அறிவித்தார்கள். பாட்டியிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. ஐம்பது வருடமாக "விதி" என்று நினைத்து ஆறிப்போன விஷயத்தை நான் எதற்குக் கிளற?

இப்போது தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் கிட்டத்தட்ட இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில்தான். நூற்றுக்கு 45 சிசேரியன் என்பது வேறு கதை, அதற்குத் தனிப்பதிவே போடலாம்.

கடைசிப் பிரசவம், அதாவது என் அப்பா, 1976-ல் ஆஸ்பத்திரியில். அதற்கும் அந்த மருத்துவச்சி மாட்டுவண்டியில் கூடவே வந்தாராம். நர்ஸ் அவரை உள்ளே விடவில்லை. ராத்திரி முழுக்க வராண்டாவில் உட்கார்ந்திருந்து, காலையில் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்.

"அன்னிக்கு அவளுக்கு நெல்லு குடுத்தீங்களா பாட்டி?" என்றேன்.

"அவ பாக்கலியே" என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "குடுத்திருக்கலாம்" என்றார்.