கல்லின் உறவும் காலத்தின் சான்றும்

நாம் புலி என்பதைக் கன்னடர் ஹுலி என்பர்; பாலை ஹாலு என்பர்; பல்லை ஹல்லு என்பர். இவை தற்செயலாய் ஒத்தொலிக்கும் சொற்கள் அல்ல. பழங்கன்னடத்துச் சொன்முதற் பகரம் பின்னாளில் ஹகரமாய்த் திரிந்தது. தமிழ் அதனைக் காத்து நின்றது. ஓசை ஒப்புமை மட்டும் உறவாகாது, விதியும் பொருந்துதல் வேண்டும் என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் நமக்கு உணர்த்திற்று. சொற்களுக்குரிய இந்நெறி கற்களுக்கும் உரியதாதலை ஈண்டுக் காண்போம்.

பெங்களூர் லால்பாக்கில் கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு அகவையது. வெண்மையும் கருமையும் வரிவரியாய்க் கலந்த அக்கல்லை நிலவியலார் 'தீபகற்ப நைஸ்' என்பர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அதனைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் போற்றுகின்றது.

சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களின் கல்லோ வேறு. அது கருநீலம் படர்ந்து, எண்ணெய் பூசியது போல் மினுமினுப்பது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த கல்லும் இவ்வினத்ததே எனக் கண்ட தாமஸ் ஹாலந்து, 1893இல் இதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். நீலகிரி, சேர்வராயன் முதலிய மலைகளின் கற்களையும் இதனோடு ஒரு குடும்பமாக்கி 1900இல் விரிவான நூல் எழுதினார். ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமம் இக்கற்களில் பொதுவாய் அமைந்திருந்தமையே அவர் கண்ட அடையாளம். பூமியின் ஆழத்துக் குழம்பு உறைந்து பிறந்தவை இவை என்பது அவர் கருத்து.

இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டியது கனகபுரம் வட்டத்துக் கப்பாளதுர்கத்தின் கல்லுடைப்புக் களம். அங்கே நைஸ் பாறையின் நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தோன்றுகின்றன. நைஸின் வரிகள் அத்திட்டுகளின் ஊடேயும் சென்று மங்குகின்றன. புதுக்கல் வெளியிலிருந்து புகுந்திருப்பின் வரிகள் அறுந்திருக்கும் அன்றோ? நைஸே சார்னோக்கைட்டாய் மாறுகின்றது என்பதைச் சி. எஸ். பிச்சமுத்து 1960இல் 'நேச்சர்' இதழ் வாயிலாக உலகிற்கு அறிவித்தார். கரியமிலவாயு மிகுந்த பாய்மம் ஊடுருவி நீரை வெளியேற்ற, 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது என்று ஜனார்தனும் நியூட்டனும் ஹான்சனும் 1982இல் விளக்கினர். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியே சேலம் செல்லும் நம் குடும்பங்கள் இம்மாற்றம் படிப்படியாய் நிகழ்ந்த நிலத்தைக் கடந்தே செல்கின்றன.

ஆயின், நிறமும் கனிமமும் ஒத்தால் காலமும் ஒக்குமோ? இவ்வினாவிற்கு விடை தருவது சிர்க்கான் என்னும் நுண்மணி. அதனுள் அடங்கிய யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாய் மாறுகின்றது. யுரேனியம்-238இல் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் வேண்டும். இவ்விரண்டின் விகிதத்தை அளந்தால் மணியின் அகவை புலனாகும். அவ்வாறு அளந்தபோது கப்பாளதுர்கம், சேர்வராயன், நீலகிரி ஆகியவற்றின் கற்களில் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட வெப்பத்தின் தடம் தெரிந்தது. கொடைக்கானல் மலைக் கல்லோ, பார்வைக்கு உதகைக் கல்லை ஒத்திருந்தும், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட வெப்பத்தின் தடத்தைத் தாங்கி நிற்கின்றது. அக்காலத் தடமே இலங்கையின் நடுமலை நாட்டிலும் மடகாஸ்கரிலும் காணப்படுகின்றது. இந்நிலங்கள் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் ஒன்றியிருந்த காலத்தின் நினைவு அது. கொடைக்கானலுக்கு இவ்வகையில் நெருங்கிய உறவு அண்மையிலுள்ள உதகையன்று. கடல் கடந்த கண்டியே.

கல்லுடைப்பு நமக்குச் சான்றுகளைத் திறந்து காட்டிற்று. அளவிறந்த கல்லுடைப்போ அவற்றை அழித்தும்விடும். ஒரு பாறைமுகம் தூளாகிச் சாலையில் கலந்தபின் எந்த அறிஞரும் அதனிடம் வினவ இயலாது. லால்பாக் பாறைக்குக் கிடைத்த காவல் பிற பாறைகளுக்கும் கிடைத்தல் வேண்டும்.

தொன்மை பேசுதல் நம்மவர்க்கு இனியது. அண்மையிலுள்ளவை எல்லாம் உறவும் அல்ல. அகன்று போனவை எல்லாம் அயலும் அல்ல. எனவே, பேசுமுன் சான்று தேடுதலையும் நாம் வழக்கமாக்கிக் கொள்வோமாக.