சொந்த நிலத்தில் ஒரு சின்னக் கடை போட முடியாதா?

'கிளார்க்சன்ஸ் ஃபார்ம்' தொடரை உங்கள்ல நிறைய பேர் பாத்திருப்பீங்க. ஜெரமி கிளார்க்சன் இங்கிலாந்தில் தன்னோட பண்ணையில் ஒரு ரெஸ்டாரன்ட் வைக்க அனுமதி கேட்டார். 2022 ஜனவரியில் வெஸ்ட் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்சில் முடியாதுன்னு சொல்லிடுச்சு. அவர் நிலம், அவர் காசு, இவங்க யாரு தடுக்கன்னு நமக்குத் தோணும். அவருக்காவது கேமராவும் வக்கீலும் இருக்கு. வயலோரம் ஒரு ரிப்பேர் பட்டறை போட நினைக்கிற சாதாரண கிராமத்து ஆளை யோசிச்சுப் பாருங்க. இந்த விதி எங்கிருந்து வந்துச்சு?

முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே விவசாயம் நொடிஞ்சு போச்சு. நிலம் மலிவா கிடைச்சது. கார்கள் வந்தன. ரோட்டோரம் முழுக்க வீடுகள், பெட்ரோல் பங்க், டீக்கடை, விளம்பரப் பலகைன்னு முளைச்சது. ஷோரம் கடற்கரையில் பழைய ரயில் பெட்டியை வாங்கி வீடாக்கிக் குடியிருந்தாங்க. ஏழைக்கு அது சொந்த வீடு. படித்த வர்க்கத்துக்கு அது அசிங்கம். கிராமப்புறத்தைக் காப்பாத்த 1926ல் ஒரு சங்கமே தொடங்கினாங்க. ரோட்டோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்த 1935ல் தனிச் சட்டம் வந்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். கப்பலில் வர்ற சாப்பாட்டை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிச்சுட்டு இருந்த நேரம். 1942ல் நீதிபதி லெஸ்லி ஸ்காட் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. நல்ல விளைநிலம் விளைநிலமாவே இருக்கணும். வேற எதுக்காவது வேணும்னா, ஏன் வேணும்னு கேட்கிறவர்தான் நிரூபிக்கணும். இதுதான் சாரம்.

குழுவில் ஒரே ஒருத்தர் மட்டும் ஒத்துக்கல. டெனிசன்னு ஒரு பொருளாதார நிபுணர். அவர் தனியா ஒரு மாற்று அறிக்கை எழுதினார். கிராமத்துக்குள்ள தொழில் வந்தாதான் அங்க இருக்கிறவங்க கூலி உயரும், அழகுக்காக அவங்களை ஏழையாவே வெச்சிருக்கக் கூடாதுங்கிறதுதான் அவர் வாதத்தோட அடிப்படை. அன்னிக்கு அது எடுபடல.

1947ல் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் வந்தது. 1948 ஜூலை 1ல் அமலுக்கு வந்தது. நம்ம ஐடி பாஷையில் சொன்னா, நாட்டோட ஃபயர்வால் ஒரே நாளில் 'டிஃபால்ட் அலவ்'லேர்ந்து 'டிஃபால்ட் டினை'க்கு மாறிடுச்சு. கட்டடம் கட்டுறதோ, இருக்கிற கட்டடத்தை வேற வேலைக்கு மாத்துறதோ எல்லாத்துக்கும் அனுமதி வேணும். விவசாயம் மட்டும் ஒயிட்லிஸ்டில்! அதனால மாட்டுத் தொழுவத்துக்குப் பெரிய பிரச்சினை இல்லை. அதே தொழுவத்தில் தச்சுப் பட்டறை வெச்சா பிரச்சினை.

இதனால நல்லதும் நடந்தது, அதையும் சொல்லணும். லண்டனைச் சுத்தி இன்னிக்கும் பச்சை வயல் இருக்குன்னா இந்தச் சட்டமும் காரணம். ஆனா சட்டம் நம்பி இருந்த விவசாயமே மாறிப் போச்சு. டிராக்டர் வந்தது, ஆள் தேவை குறைஞ்சது, பழைய கொட்டகைகள் காலியா நின்னது. கிராமத்துக்கு வேலை வேணும், ஆனா வேலை தர்ற கட்டடத்துக்கு வழி கஷ்டம். டெனிசன் பயந்தது இதுதானே?

2013ல்தான் இங்கிலாந்து அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. பழைய பண்ணைக் கட்டடத்தை 500 சதுர மீட்டர் வரை கடை, அலுவலகம் மாதிரி தொழில்களுக்கு முழு அனுமதி இல்லாமலே மாத்திக்கலாம். 2024ல் அது 1,000 சதுர மீட்டர் ஆச்சு. ஆனா கவனிங்க: இது ஏற்கெனவே கொட்டகை வெச்சிருக்கிறவருக்குத்தான். வெறும் நிலம் வெச்சிருக்கிறவர் இன்னும் அதே வரிசையில்தான் நிக்கிறார்.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு கேட்கிறீங்களா? தமிழ்நாட்டோட 1971ஆம் வருஷ நகர், ஊரமைப்புச் சட்டத்தை எடுத்துப் படிங்க. 'மேம்பாடு'ன்னா என்னங்கிற விளக்கம் அந்த 1947 சட்டத்தோட வாசகத்தை ஒட்டியே இருக்கும். அங்கேயும் விவசாயத்துக்கு விலக்கு. போர்க்காலப் பட்டினி பயத்தில் லண்டனில் எழுதின கோட், நம்ம ஊர் புரொடக்‌ஷனில் இன்னும் ஓடிட்டு இருக்கு.

விதியே வேண்டாம்னு நான் சொல்லல. ஓஎம்ஆர் ரோட்டில் ஏரி எங்க இருந்ததுன்னு தேடினவங்களுக்கு விதி ஏன் வேணும்னு தெரியும். ஆனா ஏரியில் அடுக்குமாடி கட்டுறவரையும், வயலோரம் பத்துக்குப் பத்து கொட்டாய் போடுறவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? உங்க ஊர் அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!