வானகரம் – 6: இரண்டு கையெழுத்து

2022 ஜூன் 22. நள்ளிரவு தாண்டிவிட்டது. அண்ணா நகரில் நீதிபதி எம்.துரைசாமியின் வீட்டில் கோர்ட் நடந்துகொண்டிருந்தது. நீதிபதி சுந்தர் மோகன் அவரோடு அமர்ந்திருந்தார். அ.தி.மு.க. பொதுக்குழுவுக்குத் தடை விதிக்க முடியாது என்று தனி நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொல்லிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதை எதிர்த்து ஒரு பொதுக்குழு உறுப்பினர் செய்த மேல்முறையீட்டை விடிவதற்குள் முடித்தாக வேண்டும். காலையில் வானகரத்தில் கூட்டம்.

ஒரு கட்சி தன் தலைவர் யார் என்று முடிவு செய்வதற்கு முந்தைய இரவு, அந்தக் கட்சியின் கதி ஒரு நீதிபதியின் வீட்டுக் கூடத்தில் கிடந்தது.

பொழுது விடியும் முன் உத்தரவு வந்தது. கூட்டம் நடக்கலாம். ஏற்கெனவே தயாரான 23 தீர்மானங்களில் முடிவெடுக்கலாம். மற்ற எதையும் பேசலாம், ஆனால் முடிவு கூடாது. கட்சியின் ஒருங்கிணைப்பாளர் ஓ.பன்னீர்செல்வத்தின் தரப்பு நிம்மதியாக மூச்சுவிட்டது. எதிர்த்தரப்பு கேட்ட ‘ஒற்றைத் தலைமை’ என்ற சொல் அந்த 23-ல் இல்லை.

அந்த நேரத்திலேயே வண்டிகள் சாலையில் இருந்தன. சேலம், தர்மபுரி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பூந்தமல்லிதான் சென்னையின் வாசல். வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால் வேலப்பன்சாவடி திணறும். பின்னாலேயே குமணன்சாவடியும் திணறும். மாங்காட்டுக்குத் திரும்புகிறவர்கள், போரூர் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் மெட்ரோ வேலைக்காகக் குறுகிப்போன ரோட்டில் மாட்டிக்கொள்வார்கள். இந்தப் பக்கத்து மக்கள் அ.தி.மு.க.வின் வரலாற்றைப் பத்திரிகையில் படிப்பதற்கு முன்பே டிராஃபிக்கில் தெரிந்துகொண்டவர்கள். 2016 டிசம்பரில் ஒருமுறை, 2017 செப்டம்பரில் ஒருமுறை, இப்போது மறுபடி. மூன்று முறையும் அதே ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸ் திருமண மண்டபம்.

அந்த இரண்டையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். 2016 டிசம்பர் 29 அன்று, ஜெயலலிதா மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், இதே மண்டபத்தில் சசிகலாவைப் பொதுச் செயலாளராக்கும் தீர்மானம் நிறைவேறியது. அதைப் போயஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்களில் பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் உண்டு. 2017 செப்டம்பர் 12 அன்று இதே மண்டபத்தில் அதே சசிகலா நீக்கப்பட்டார். ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச் செயலாளர், கட்சியை நடத்த ஒருங்கிணைப்பாளராகப் பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளராகப் பழனிசாமி என்று ஏற்பாடானது. எந்தக் கடிதம் போனாலும் இரண்டு கையெழுத்து. வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கும் படிவத்திலும் இரண்டு கையெழுத்து.

அந்த ஏற்பாட்டைக் கேவலமாகப் பேசுவது இன்று எளிது. அன்று அது கட்சியைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. முடக்கப்பட்டிருந்த கட்சிச் சின்னமான இரட்டை இலை 2017 நவம்பரில் திரும்பக் கிடைத்தது அந்தச் சமரசத்தால்தான். கட்சியில் 1989-ஐ நேரில் பார்த்த மூத்தவர்கள் நிறைய இருந்தார்கள். எம்.ஜி.ஆர். போன பிறகு ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிரிந்து, ஒருவர் புறாவோடும் ஒருவர் சேவலோடும் நின்ற தேர்தல் அது. ஜெயலலிதா அணி 27 இடங்களோடு நின்றது, ஜானகி அணி அதற்கும் வெகு கீழே. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. பிளந்தால் இலை போய்விடும் என்ற பயம் அந்தத் தலைமுறையின் ரத்தத்தில் இருந்தது.

அப்படியானால் ஐந்து வருடத்துக்குள் அதே உறுப்பினர்கள் அந்தச் சமரசத்தை உடைக்கத் துணிந்தது ஏன்?

2021 சட்டமன்றத் தேர்தலின் ஊர்வாரிக் கணக்கை எடுத்து வைத்தால் பாதி விடை கிடைக்கும். கட்சி 66 இடங்களில் வென்றது. கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் கூட்டணிக்கு. சேலத்தில் பதினொன்றில் பத்து. பன்னீர்செல்வத்தின் தேனி மாவட்டத்திலோ நான்கில் ஒன்று, அவர் நின்ற போடிநாயக்கனூர் மட்டும். எதிர்க்கட்சித் தலைவர் பதவி பழனிசாமிக்குப் போனது. துணைத் தலைவர் பதவி பன்னீர்செல்வத்துக்கு. பொதுக்குழுவில் இருப்பவர் மாவட்டச் செயலாளரைப் பார்க்கிறார். மாவட்டச் செயலாளர் அடுத்த தேர்தலில் சீட்டு யார் கையில் என்று பார்க்கிறார். மூன்று முறை முதலமைச்சராக இருந்தவர் என்ற மரியாதை பன்னீர்செல்வத்துக்கு இருந்தது. ஆனால் மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு நகரச் செயலாளர் தன் வார்டில் அரசியல் செய்ய முடியாது.

மறுபாதி விடை மனசு சம்பந்தப்பட்டது. நம் பக்கத்துக்காரர் ஒருவரையே பாருங்கள். ஆவடியின் எம்.எல்.ஏ.வாக இருந்த மாஃபா பாண்டியராஜன், 2017 பிப்ரவரியில் அமைச்சர் பதவியில் இருந்தபடியே, சசிகலாவை எதிர்த்துப் பிரிந்த பன்னீர்செல்வத்தின் அணிக்கு வந்தவர். கூவத்தூர் ரிசார்ட்டில் சசிகலா தரப்பின் நூற்றுக்கு மேற்பட்ட எம்.எல்.ஏ.க்கள் இருந்த வாரம் அது. அன்று அந்தப் பக்கம் வருவதற்குத் துணிச்சல் வேண்டும். அணிகள் இணைந்த பிறகு மறுபடி அமைச்சரானார். 2022-ல் அவர் நின்றது பழனிசாமியின் பக்கம். இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பன்னீர்செல்வத்தின் அந்த ‘தர்மயுத்த’த்தில் கூட வந்தவர்களில் பலர், இணைப்புக்குப் பிறகு தங்களுக்காகத் தலைவர் எதையும் போராடி வாங்கித் தரவில்லை என்ற வருத்தத்தோடு இருந்தார்கள். விசுவாசம் ஒருவழிப் பாதையாக ரொம்ப நாள் ஓடாது.

ஜூன் 14 அன்று ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் மாவட்டச் செயலாளர்கள் கூடியபோது ஒற்றைத் தலைமைப் பேச்சு வெளியே வந்தது. அதன் பிறகு தினமும் ஒவ்வொரு மாவட்டமாகச் சாய்ந்தது. கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பன்னீர்செல்வம் கடிதம் எழுதினார். ஆவடி போலீஸ் கமிஷனருக்கும் அனுமதி தரக்கூடாது என்று எழுதினார். அந்தக் கமிஷனரேட் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டத்தைத் தடுக்க முடியாது என்று பதில் வந்தது. மறுபக்கம், மதுரவாயலின் முன்னாள் எம்.எல்.ஏ.வும் முன்னாள் அமைச்சருமான பெஞ்சமின், கூட்டத்துக்குப் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனார்.

ஜூன் 23 காலை. மண்டப வாசலில் பன்னீர்செல்வம் இறங்கியபோதே எதிர்க் கோஷம் எழுந்தது. உள்ளே மொத்தம் 2,665 உறுப்பினர்களைக் கொண்ட பொதுக்குழு. பெரும்பகுதி எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்தே சொல்லிவிடலாம். ஆனாலும் தொடக்கம் முறைப்படி நடந்தது. கூட்டத்துக்குக் கட்சியின் மூத்த நிர்வாகி தமிழ்மகன் உசேன் தலைமை தாங்கப் பன்னீர்செல்வம் முன்மொழிந்தார், பழனிசாமி வழிமொழிந்தார். இருவரும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அதுதான்.

தீர்மானங்களை எடுக்கத் தொடங்கினார் பொன்னையன். அப்போது மைக்கைப் பிடித்தார் பழனிசாமி தரப்பின் சி.வி.சண்முகம். 23 தீர்மானங்களையும் பொதுக்குழு நிராகரிக்கிறது என்று உச்சக்குரலில் அறிவித்தார். மண்டபம் ஆர்ப்பரித்தது. உறுப்பினர்கள் கேட்பது ஒற்றைத் தலைமை ஒன்றுதான், அதோடு சேர்த்துத்தான் இனி மற்றத் தீர்மானங்கள் என்றார் கே.பி.முனுசாமி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த நிராகரிப்பில் கோர்ட் உத்தரவை யாரும் மீறவில்லை. 23-க்கு வெளியே எதையும் நிறைவேற்றக் கூடாது என்றது உத்தரவு, 23-ஐயும் நிராகரித்துவிட்டார்கள். விடிய விடிய வாங்கிய உத்தரவு நண்பகலுக்குள் பயனற்றுப்போனது. அதே மேடையில் தமிழ்மகன் உசேன் நிரந்தர அவைத்தலைவர் என்று அறிவிக்கப்பட்டது. ஒற்றைத் தலைமை கேட்டு 2,190 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கோரிக்கை அவரிடம் தரப்பட்டது. அடுத்த பொதுக்குழு ஜூலை 11, காலை 9.15 மணிக்கு என்று அவர் அறிவித்தார்.

பன்னீர்செல்வம் தரப்பின் வைத்திலிங்கம் மைக்கைப் பிடித்து, இது சட்டத்துக்குப் புறம்பான கூட்டம் என்று கத்தினார். பன்னீர்செல்வம் எழுந்து வெளியேறினார். அவரை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. அவரோடு வெளியேறியவர்களில் மனோஜ் பாண்டியனும் ஒருவர். 1988 ஜனவரியில் ஜானகியின் நம்பிக்கை வாக்கெடுப்பு அமளியில் முடிந்தபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்த பி.எச்.பாண்டியனின் மகன்.

என்னை உறுத்துவது ஒன்றுண்டு. 1924-ல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி நியூயார்க்கில் ஜூன் 24 முதல் ஜூலை 9 வரை மாநாடு நடத்தியது. மெக்காடூ, ஆல் ஸ்மித் என்ற இரண்டு பேரில் எவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் 103 முறை வாக்கெடுத்தார்கள். கடைசியில் இருவரையும் விட்டு ஜான் டேவிஸ் என்ற சமரச வேட்பாளரிடம் ஒதுங்கினார்கள். அவர் பொதுத் தேர்தலில் தோற்றது வேறு கதை. ஆனால் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் 103 தடவை, தன் ஆளோடு நிற்பதா விட்டுக்கொடுப்பதா என்று எண்ணிச் சொல்ல இடம் இருந்தது. வானகரத்தின் இந்த மூன்று கூட்டங்களிலும் ஒரு வாக்குப்பெட்டிகூட வைக்கப்படவில்லை. மனசுக்குள் தயங்கிய உறுப்பினர் நிச்சயம் இருந்திருப்பார். இருவரும் சேர்ந்தே இருக்கட்டும் என்று விரும்பியவரும் இருந்திருப்பார். அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. பொதுச் செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1972-ல் விதி வகுத்த எம்.ஜி.ஆரின் கட்சி அது.

வானகரம் கூட்டத்துக்கு மறுநாள் சண்முகம் அடுத்த அடியை வைத்தார். ஒருங்கிணைப்பாளர் தேர்தலுக்காக 2021 டிசம்பர் 1 அன்று செயற்குழு செய்த திருத்தத்துக்குப் பொதுக்குழு ஒப்புதல் தரவில்லை. ஆகவே இரண்டு பதவிகளும் காலாவதி என்றார். ஜூன் 30 அன்று பழனிசாமி பன்னீர்செல்வத்துக்கு எழுதிய கடிதத்தில் தன்னைத் தலைமை நிலையச் செயலாளர் என்றும் அவரைப் பொருளாளர் என்றும்தான் குறிப்பிட்டிருந்தார்.

அந்தக் கடிதம் எதைப் பற்றியது தெரியுமா? உள்ளாட்சி இடைத்தேர்தல். ஜூலை 9 வாக்குப்பதிவு. வேட்பாளருக்கு இரட்டை இலை கிடைக்க இருவரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். போடலாம் வாருங்கள் என்றார் பன்னீர்செல்வம். உங்கள் பதவியே இல்லையே என்றது பதில். விளைவு, வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்ற சாதாரணத் தொண்டர்கள் இலை இல்லாமல் வேறு சின்னத்தில் நின்றார்கள். மேலே இருப்பவர்களின் வழக்குக்குக் கீழே இருப்பவர் கட்டிய முதல் அபராதம் அது. இந்தத் தொடரில் நான் எழுதும் எந்தப் பெரிய பெயரையும்விட அந்தப் பெயர் தெரியாத வேட்பாளர்களே எனக்கு முக்கியமானவர்கள். முப்பது, நாற்பது வருடம் சுவரில் இலை வரைந்த கை, தனக்கென்று ஓட்டு கேட்கும்போது இலையைக் காட்ட முடியவில்லை.

ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் ஜூன் 23 விடியும் முன் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குத் தடை விதித்தது. ஜூலை 11 கூட்டத்தைச் சட்டப்படி நடத்தலாம் என்றது. பன்னீர்செல்வத்துக்கு மிஞ்சியது சென்னை உயர் நீதிமன்றத்தில் அதே நீதிபதி கிருஷ்ணன் ராமசாமியின் முன் இருந்த வழக்கு ஒன்றுதான். தீர்ப்பு ஜூலை 11 காலை 9 மணிக்கு என்று அறிவித்தார் நீதிபதி. பொதுக்குழு 9.15-க்கு. நடுவில் கால் மணி நேரம்.

ஜூலை 11, திங்கட்கிழமை. பூந்தமல்லி நெடுஞ்சாலை மறுபடி நிரம்பியது. மண்டபத்தில் உறுப்பினர்கள் அடையாள அட்டையோடு வரிசையில் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கிரீன்வேஸ் சாலை வீட்டிலிருந்து பழனிசாமி வானகரத்துக்குப் புறப்பட்டார். அதே சாலையில்தான் பன்னீர்செல்வத்தின் வீடும். அவரும் புறப்பட்டார், ஆதரவாளர்கள் சூழ.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வானகரம் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவருடைய வண்டி மேற்கே பூந்தமல்லி சாலைப் பக்கம் போகவில்லை. ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் இருந்த தலைமை அலுவலகத்தை நோக்கித் திரும்பியது. அங்கே வாசல் கதவு பூட்டியிருந்தது. உள்ளேயும் வெளியேயும் ஆட்கள் தயாராக நின்றார்கள்.

(தொடரும்)